மூன்றாம் கோடு

முப்பத்து நான்கு வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த மார்லிஸ் ஸ்கோக்லண்டுக்கு, இடது கை விளங்காமல் போன வருஷமாகப் பார்த்துக் குலுக்கலில் சீட்டு விழுந்தது. பெருங்கொம்பு மலையாடு, கடா ஒன்று, சுட்டுக்கொள்ளலாம். மொன்டானாவில் பலருக்கு இந்தச் சீட்டு ஆயுளுக்கும் வருவதில்லை. வந்தவர்களை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். வாய் வாழ்த்தும், வயிறு எரியும்.

கை போனது பிப்ரவரி பதினொன்றாம் தேதி. காலையில் காப்பிக் கோப்பை விரலிலிருந்து நழுவி விழுந்தது, பின்னாலேயே அவளும் விழுந்தாள். மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். பேச்சு இரண்டு வாரத்தில் திரும்பியது, கால் ஏப்ரலில் திரும்பியது, இடது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. மடங்கும், பிடிக்கும், ஆனால் பத்து எண்ணுவதற்குள் நடுங்க ஆரம்பித்துவிடும். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தபோது, அந்த வருஷத்து விண்ணப்பத்தைக் கணவன் டெல்பர்ட்தான் போட்டான். அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அவனும் அதே முப்பத்து நான்கு வருஷமாகப் போடுகிறவன்தான். அவனுக்கு இந்த முறையும் விழவில்லை.

ஜூன் மாதம் செய்தி வந்த அன்று டெல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் தன் பங்கு எவ்வளவு, அவன் பங்கு எவ்வளவு என்று மார்லிஸுக்கு அப்போதே ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டு, இறைச்சியைத் துண்டு போட்டுக் கொடுத்து, செருப்பு வாரை இழுத்துவிடுகிற மனுஷனைப் போய் சந்தேகப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சீட்டு தபாலில் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடித்த தாள். ஓரத்தில் சுற்றிவரப் பன்னிரண்டு மாசமும் முப்பத்தொரு தேதியும் அச்சடித்திருக்கும். கடா விழுந்த இடத்திலேயே கத்தியை எடுத்து அந்த மாசத்தையும் அந்தத் தேதியையும் வெட்டியெடுத்து, சீட்டைக் கொம்பில் கட்ட வேண்டும். இதையெல்லாம் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன் டெல். இருபது வருஷமாக தேவாலயத்து நிலவறையில் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாடம் எடுத்தவன். அடுத்தவர் சீட்டில் சுடாதே என்பது அவனுடைய முதல் பாடம். அவசரத்தில் தேதியைத் தப்பாக வெட்டாதே, வெட்டினால் அந்தச் சீட்டு செத்தது என்பது இரண்டாவது.

ஜூலையில் இரண்டு பேரும் மார்லிஸின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ரூடி வுகோவிச்சின் கடைக்குப் போனார்கள். ரூடி டெல்லோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், துப்பாக்கி பழுதுபார்க்கிறவன், வாய் நீளம்.

"வாம்மா மகாராணி. ஊர் பூரா உன் பேச்சுதான்."

"என்னன்னு?"

"சீட்டு மார்லிஸுக்கு, கடா டெல்லுக்குன்னு. போட்டோவுக்கு ஒரு நல்ல சட்டையா எடுத்து வச்சுக்க."

மார்லிஸ் சிரித்தாள். ரூடியின் எந்த மொக்கை ஜோக்குக்கும் முதலில் சிரிக்கிற டெல், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

அவள் துப்பாக்கியின் கட்டை வால்நட் மரம். குழலும் விசையும் உட்கார்ந்திருக்கும் உடம்பு அதுதான், தோளில் வந்து முட்டுவதும் அதுதான். அந்த மரத்தையும் சேர்த்து மொத்தம் எட்டரைப் பவுண்டு. போன வருஷம் வரை அவளுக்கு அது ஒரு பாரமே இல்லை. இப்போது தூக்கி எட்டு எண்ணுவதற்குள் முனை தரையைப் பார்த்துவிடுகிறது. ரூடி மரத்தைக் கழற்றிவிட்டு, மேஜையில் இரண்டு புதுக் கட்டைகளை வைத்தான். இரண்டும் கார்பன் இழையில் செய்தவை.

டெல் மெலிசான ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இதுதான். காக்கா இறகு மாதிரி இருக்கு. இதையே மாட்டுடா."

ரூடி குழலை அதில் பொருத்தி மார்லிஸிடம் கொடுத்தான். தூக்கும்போது சுகமாகத்தான் இருந்தது. தோளில் வைத்ததும் முனை கவிழ்ந்தது.

"மூக்கு கீழ போகுது," என்றாள்.

"போகத்தான் செய்யும். பின்னால எடையே இல்ல, குழலு மட்டும் முன்னால கனமா நிக்குது. அதைத் தாங்கறது யாரு? உன் இடது கை. அந்தக் கைதான் லீவுல இருக்கே." ரூடி இரண்டாவது கட்டையை எடுத்தான். "இது அஞ்சு அவுன்ஸ் கூட. ஆனா பின்பக்கம் பொந்து இருக்கு, ஈயம் போட்டுக்கலாம். நீளத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். கன்னம் வைக்கற தட்டையும் ஏத்தலாம் எறக்கலாம். டெல்லு, எடை குறைஞ்சா மட்டும் போதாதுடா. எங்க குறைக்கறோம்னு பாக்கணும்."

"மலை ஏறணும்லடா," என்றான் டெல்.

"துப்பாக்கியா ஏறப்போகுது? நீ தூக்கிட்டுப் போ."

ஈய மணிகளை ஒரு சின்னத் துணிப்பையில் அள்ளிப் பொந்தில் போட்டான், எடுத்தான், மறுபடி கொஞ்சம் போட்டான். கடைசியில் துப்பாக்கியை விசைக்கு முன்னால் ஒற்றை விரலில் வைத்தான். இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. மார்லிஸ் வாங்கித் தோளில் வைத்தாள். முழு எடையும் வலது கைக்குள் வந்து அடங்கிக்கொண்டது. இடது கை சும்மா கீழே ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். ஐந்து மாசத்தில் முதல் தடவையாக உடம்பு தன் பேச்சைக் கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"இதுதான்," என்றாள்.

பிறகு ரூடி அவளுக்கு அளவெடுத்தான். குட்டைக் கை, குட்டைக் கழுத்து. கட்டையின் பக்கவாட்டில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை கோடு போட்டிருந்தது. நீளத்தை மூன்றாம் கோட்டில் நிறுத்தித் திருகினான். "இதுதான் உன் வீட்டு நம்பர். மறந்துடாத. உன் புருஷன் மாதிரி ஒட்டகத்துக்கு எட்டாம் கோடு." திருகுகிற ஆலன் கீயை, அந்தச் சின்ன வளைந்த சாவியை, பொந்துக்குள்ளேயே ஈயத்தோடு செருகி வைத்தான்.

ஆகஸ்ட் முழுக்க அவள் பயிற்சி எடுத்தாள். படுத்துக்கொண்டு, மூட்டையின் மேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டால் ஐந்து குண்டும் ஒரு கோப்பை வாய்க்குள் விழுந்தது. உட்கார்ந்து சுட்டால் முதல் குண்டு ஒழுங்கு, மூன்றாவது குண்டு எங்கேயோ. ஒரே ஒரு குண்டுதானே வேண்டும், படுத்துச் சுட ஒரு இடம் கிடைக்காமலா போகும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கடாவைத் தானே சுட வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான். அதைச் சுட்டுவிட்டால், பிப்ரவரியில் போனது கை மட்டும்தான், தான் போகவில்லை என்று ஆகிவிடும்.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் டெல், குறிபார்க்கிற ஸ்கோப்பின் திருகுகளைச் சரிபார்த்துக்கொண்டு வருகிறேன் என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டு வந்தான்.

செப்டம்பர் பதினாறாம் தேதி ஏரிக்கரையில் கூடாரம் போட்டார்கள். மார்லிஸ் கோவேறு கழுதை மேல் வந்தாள், டெல் நடந்து வந்தான். இன்னொரு துப்பாக்கி வேண்டாம், சீட்டு ஒன்றுதானே என்று அவன் தன்னுடையதை வீட்டிலேயே விட்டிருந்தான். அவன் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், ஆசையாக இருக்கிறதே என்று அவள் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தாள்.

தோளுக்குப் போவதற்கு முன்பே கட்டை சட்டையில் இடறியது. இழுத்து வைத்தால் கண் ஸ்கோப்புக்கு எட்டவில்லை. நடுவில் ஒரு காசு அளவு வெளிச்சம், சுற்றிலும் கறுப்பு. முனை தன் பாட்டுக்குக் கவிழ்ந்துகொண்டு போனது. திருப்பிப் பார்த்தாள். எட்டாம் கோடு.

சரிபார்க்கச் சுட்டிருப்பான், திருப்பி வைக்க மறந்திருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பொந்தின் மூடியைத் திறந்தாள். உள்ளே ஆலன் கீ மட்டும் கிடந்தது. ஈயப் பையைக் காணோம்.

கோட்டை மறக்கலாம். ஈயத்தை யாரும் மறந்து எடுப்பதில்லை.

டெல் குடத்தோடு வருகிறவரை அவள் சும்மா இருக்கவில்லை. துப்பாக்கியைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் திருகி, நீளத்தை மூன்றாம் கோட்டுக்குக் கொண்டுவந்தாள். ஏரிக்கரையில் கூழாங்கல் பொறுக்கி ஒரு காலுறையில் போட்டு, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டு, பொந்தில் திணித்தாள். ஒற்றை விரலில் வைத்துப் பார்த்தாள். இரண்டு கல்லை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நின்றது. ஆலன் கீயைப் பொந்தில் போடாமல், சீட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த இறைச்சி அடைத்த பேஸ்ட்டி ரொட்டியைச் சூடுபண்ணித் தின்றார்கள். டெல் வழக்கம்போல அவளுடையதைத் துண்டு போட்டுக் கொடுக்கக் கத்தியை எடுத்தான்.

"வை. நான் கடிச்சுத் தின்னுக்கறேன்," என்றாள். "கட்டை எட்டுல இருந்துச்சு டெல்."

"ஆங்... சுட்டுப் பாத்தேன்ல. திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"ஈயத்தையும் மறந்துட்டியா?"

டெல் அடுப்பில் ஒரு சுள்ளியைச் செருகினான். "ஒருவேளை தேவைப்பட்டா..." என்றான்.

"யாருக்கு?"

"மார்லி, நான் சொல்றதக் கேளு. நல்ல கடாவா நிக்குது, உன்னால முடியலன்னு வச்சுக்க. முப்பத்து நாலு வருஷம். சும்மா விட்டுட்டு வரதா? வீட்டுச் செவுத்துல உன் பேர்ல அது இருக்கணும்னுதான் நான்..."

"இருபது வருஷமா நிலவறையில பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக்குடுத்த?"

"அது பிள்ளைங்களுக்கு."

இதைச் சொன்ன பிறகு அவனுக்கே வெட்கமாகப் போயிருக்க வேண்டும். எழுந்துபோய்க் கழுதையின் கயிற்றை அவிழ்த்து, அவிழ்த்த இடத்திலேயே மறுபடி கட்டினான். மார்லிஸுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷன் தன்னை எப்போதோ வேட்டையிலிருந்து கழித்துவிட்டான், கட்டிலில் படுத்திருந்தபோதே கழித்துவிட்டான், அதைச் சொல்லாமல் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு அவன் மன்னிப்பும் கேட்கவில்லை, அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. இரண்டு நாள் வெறும் பாறையைப் பார்த்துக் கழிந்தது. பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு டெல் தொலைநோக்கியை இறக்கிவிட்டு, வாயைத் திறக்காமல் கையை நீட்டினான். முகட்டுக்குக் கீழே, புல் சரிவில் ஐந்து கடாக்கள். நாலு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஐந்தாவது, எல்லாவற்றிலும் கிழடு, ஒரு பாறைக்குப் பின்னால் படுத்திருந்தது. கொம்பு சுருண்டு முழு வட்டம் வந்து, நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது. டெல்லின் மூச்சு சத்தமாக வந்தது.

ஒன்றரை மணி நேரம் தவழ்ந்து நூற்றெண்பது கஜத்துக்குள் போனார்கள். மார்லிஸ் படுத்துப் பார்த்தாள். முன்னால் ஒரு மேடு. கொம்பு நுனியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இரண்டடி தள்ளிப் பார்த்தாள், மேடுதான். உட்கார்ந்தால் மட்டுமே தெரிகிறது. உட்கார்ந்தாலோ கடாவின் நெஞ்சைப் பாறை மறைக்கிறது. அது எழுந்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்குக் கை வேண்டும்.

முழங்காலில் முழங்கையை ஊன்றித் துப்பாக்கியைத் தூக்கினாள். ரூடியின் வேலை குறை சொல்ல முடியாதது, காலுறைக் கூழாங்கல்லும் மோசமில்லை. எட்டு எண்ணும் வரை ஸ்கோப்புக்குள் சிலுவைக்கோடு ஆணி அடித்த மாதிரி நின்றது. பிறகு நடுக்கம். இறக்கினாள். தூக்கினாள். அரை மணி நேரம் இப்படியே போனது. கடாவுக்கு எழுந்திருக்கிற எண்ணமே இல்லை. அது எழுந்தபோது அவள் பன்னிரண்டு எண்ணி முடித்திருந்தாள்.

பக்கவாட்டில் முழு உடம்பும் காட்டி நின்றது. சிலுவைக்கோடு நெஞ்சில் ஏறி, வயிற்றுக்குப் போய், வெறும் சரிவுக்குப் போய், திரும்ப வயிற்றுக்கு வந்தது. வயிற்றில் குண்டு வாங்கிய கடா பாறை இடுக்கில் போய்ப் படுத்து மூன்று நாள் கிடந்து சாகும். அவள் விசையிலிருந்து விரலை எடுத்து, விசைப் பூட்டைப் போட்டாள்.

"முடியல," என்றாள்.

"குடு." டெல் அவள் காதுக்குப் பக்கத்தில் வந்திருந்தான். "குடு மார்லி. பத்து மைலுக்கு ஒரு மனுஷன் கிடையாது. நீ சுட்டதுதான். நான் சாகற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்."

அவள் கொடுத்துவிட்டாள். கை ஓய்ந்திருந்தது என்பது ஒரு காரணம். உள்ளே எங்கேயோ 'சரி' என்கிற வார்த்தை தயாராக நின்றுகொண்டிருந்தது என்பதுதான் நிஜமான காரணம். சுவரில் கொம்பு தெரிந்தது. ரூடி வந்து பார்த்துவிட்டு வாயடைத்து நிற்பது தெரிந்தது. எத்தனை கஜம், எங்கே பட்டது என்று ஊர் கேட்கும், அவள் சொல்லுவாள், ஒவ்வொரு தடவையும் டெல் அறையின் மூலையில் நின்று காலண்டரைப் படிப்பான்.

டெல் தோளில் வைத்தான். கட்டை அவன் நெஞ்சுக்குள் புதைந்துகொண்டது, ஸ்கோப் புருவத்தில் முட்டியது. இப்படியே சுட்டால் கண்ணைத்தான் பெயர்க்கும். கடா இரண்டு அடி எடுத்து வைத்து மறுபடி நின்றது.

"சாவி எங்க? சீக்கிரம்."

மார்லிஸ் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தாள். சாவியும் சீட்டும் ஒன்றாகக் கிடந்தன. சீட்டை எடுத்துப் பாறையில் வைத்து, முழங்காலால் அழுத்திக்கொண்டு, கத்தியைத் திறந்தாள்.

"இன்னும் சுடலையே, அப்புறம் வெட்டலாம்," என்றான் டெல், கடாவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "சாவியக் குடு மொதல்ல."

அவள் மாசத்தை வெட்டினாள். சின்ன முக்கோணத் துண்டு காற்றில் போயிற்று. டெல் திரும்பிப் பார்த்தான்.

"மார்லி, அது செப்டம்பர் இல்ல. அது பிப்ரவரி."

"தெரியும்."

தேதிகளில் கத்தியை நகர்த்திப் பதினொன்றில் வைத்து, அதையும் வெட்டினாள். கை நடுங்கவில்லை, அது வலது கை. இருபது வருஷம் சொல்லிக்கொடுத்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. துப்பாக்கி அவன் மடியில் இறங்கியது.

"நவம்பர் வரைக்கும் சீசன் இருக்குடி," என்றான். "கை தேறியிருக்கும். நீயே வந்து சுட்டிருக்கலாம்."

"இருக்கலாம்."

"அப்புறம் ஏன்?"

"நீ இன்னொரு தடவ கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். அதான்."

இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கடாக்கள் ஒவ்வொன்றாக எழுந்து சோம்பல் முறித்தன. மார்லிஸுக்கு நெஞ்சு வலிக்கிற மாதிரி துக்கமாக இருந்தது. முப்பத்து நான்கு வருஷம் இரண்டு வெட்டில் முடிந்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்று கூடத் தெரியவில்லை.

"உனக்காகத்தான்னு சொன்னேன்ல," என்றான் டெல், தரையைப் பார்த்துக்கொண்டு. "பாதிதான் அது. எனக்கும் ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு. ஸ்கோப்புக்குள்ள ஒரு கிழட்டுக் கடாவ. ஒரு தடவ."

இதை அவன் ஜூனிலேயே சொல்லியிருக்கலாம். மார்லிஸ் துப்பாக்கியை அவன் மடியிலிருந்து எடுத்தாள். குண்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உள்ளே விரல் விட்டு ஒரு தரம் பார்த்துவிட்டு, சாவியோடு சேர்த்து அவனிடம் நீட்டினாள்.

"எட்டுல வச்சுப் பாரு. கடா போயிடப் போகுது."

ஆலன் கீ அவன் கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. எட்டாம் கோட்டுக்கு இழுத்துத் திருகி, கன்னத்தை வைத்துப் பார்த்தான். கிழட்டுக் கடா சரிவில் அவசரமில்லாமல் ஏறியது, முகட்டில் ஒரு தடவை நின்றது, அந்தப் பக்கம் இறங்கியது. அது போன பிறகும் அவன் வெறும் வானத்தைக் கொஞ்ச நேரம் ஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு டெல் மறுபடி சாவியைப் போட்டுத் திருகினான். நீளத்தைக் குறைத்து, குனிந்து கோடுகளை எண்ணிப் பார்த்து, மூன்றாம் கோட்டில் நிறுத்தி இறுக்கினான். காலுறை முடிச்சு அவிழ்ந்திருக்கிறதா என்று பொந்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். துப்பாக்கியை அவளிடம் கொடுத்துவிட்டு, கீழே இறங்குகிற வழியில் அவளுக்கு முன்னால் நடந்தான்.